காடி சக்கரத்துல சத்தம் வந்தா காசு யார் கட்டணும்? ரிப்பேர், வாரண்டி, ரீகால் பத்தி புதுசா காடி வாங்குனவங்களுக்கு

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் காடி வச்சிருக்கிறவங்க ரெண்டு பேரு சேர்ந்தா இந்த பேச்சு வந்துடும். "முன்னாடி சக்கரத்துல ஊம்ம்ம்னு சத்தம் வருதுண்ணே, தாயர் மாத்தணுமா, எவ்வளவு ஆகும்?" இப்ப கொஞ்ச நாளா கூட இன்னொண்ணும் சேர்ந்திருக்கு, "ஏதோ ரீகால்னு சொல்றாங்களே, அப்ப நம்ம காடிக்கும் கம்பெனி சும்மா மாத்தி தருவாங்களா?" ரீகால்னா குறை இருக்கிற காடியை கம்பெனியே திரும்ப கூப்பிட்டு காசில்லாம சரி பண்றது. கேக்குறது நியாயமான கேள்வி தான், ஆனா அதுக்கு ஒரே வரியில பதில் கிடையாது, ஏன்னா எந்த பார்ட் போச்சு, ஏன் போச்சுன்னு தெரிஞ்சா தான் யார் காசு கட்டணும்னே சொல்ல முடியும். நம்ம ஆளுங்க நேரா விலைக்கு போயிடுறாங்க, அங்க தான் காசு வீணாகுது.

சக்கரம்னு சொன்னா கண்ணுக்கு தெரியுறது தாயரும் ரிம்மும். ரிம்மை புடிச்சிருக்கிறது நாலு நட்டு, அந்த நட்டு ஏறுற கம்பி ஸ்டட்டு, ஸ்டட்டு நிக்கிற இடம் ஹப், ஹப்பு சுத்துறதுக்கு உள்ள இருக்கிறது பேரிங். அதுக்கும் பின்னாடி சக்கரத்தை காடி உடம்போட சேக்குற லோவர் ஆர்மும் பால் ஜாயிண்டும், ஸ்டியரிங்கோட சேக்குற டை ராட், குலுக்கலை தாங்குற அப்சார்பர், முன் சக்கரமா இருந்தா எஞ்சின்ல இருந்து வர்ற டிரைவ் ஷாப்ட். இதுல எது தேஞ்சாலும் வெளிய வர்ற புகார் "சக்கரத்துல சத்தம்" தான்.

சத்தத்தை கொஞ்சம் கவனிச்சு கேட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சது. வேகம் ஏற ஏற ஊம்ம்னு கூடிட்டே போகுது, கியரை நியூட்ரல்ல போட்டாலும் நிக்கலன்னா பேரிங் மேல சந்தேகப்படலாம். எந்த பக்கம்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, ஆளில்லாத ரோட்டுல மெதுவான வளைவுல கவனிங்க, வலது பக்கம் திருப்பும்போது காடி எடை இடது சக்கரத்து மேல சாயும், அப்ப சத்தம் கூடுச்சுன்னா இடது பேரிங், இடது பக்கம் திருப்பும்போது கூடுச்சுன்னா வலது பேரிங். பல பேரு இதை தலைகீழா புரிஞ்சுக்கிட்டு நல்லா இருக்கிற பக்கத்தை மாத்திட்டு வந்துடுறாங்க. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு திருப்பும்போது டக்டக்டக்னு வந்தா அது பேரிங் இல்ல, டிரைவ் ஷாப்ட் முனையில இருக்கிற ஜாயிண்ட், அந்த கறுப்பு ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் வெளிய போயிருக்கும், மண்ணு உள்ள போயிருக்கும். குழியில இறங்கும்போது மட்டும் கடக்குனு ஒரு சத்தம்னா பால் ஜாயிண்ட், லோவர் ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ், அப்சார்பர் மவுண்டிங் இந்த மூணுல ஒண்ணு.

சத்தம் கிடையாது, நடுக்கம் தான்னா அது வேற கதை. 80, 90க்கு மேல போனா ஸ்டியரிங் நடுங்குது, அப்புறம் இன்னும் வேகம் போனா குறையுதுன்னா பெரும்பாலும் முன் சக்கரம் பேலன்ஸ் இல்ல. ஸ்டியரிங் சும்மா இருக்கு, சீட்டு தான் அதிருதுன்னா பின் சக்கரம். பிரேக் அடிச்சா மட்டும் நடுங்குதுன்னா டிஸ்க்கை பாருங்க, தாயரை குறை சொல்லாதீங்க.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு இது தெரியாது. மழை பெஞ்ச மறுநாள் செம்பனை தோட்டத்துக்குள்ள போயிட்டு வந்தா செம்மண்ணு ரிம்மோட உள்பக்கம் அப்பி காஞ்சு கல்லு மாதிரி ஒட்டிக்கும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தா அந்த எடை போதும், ஹைவேல ஏறுனதும் ஸ்டியரிங் உதறும். நேத்து வரைக்கும் நல்லா இருந்த காடி இன்னிக்கு உதறுதேன்னு பயந்து தாயர் கடைக்கு ஓடுவாங்க. முதல்ல தண்ணி அடிச்சு உள்பக்கம் கழுவுங்க, பத்து பைசா செலவில்லாம சரியாகிடும். அதே மாதிரி செம்பனை மட்டையில இருக்கிற முள்ளு, தாயர்ல குத்தி உடைஞ்சு உள்ளயே நின்னுக்கும், டியூப்லெஸ் தாயர்ங்கிறதால காத்து உடனே இறங்காது, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ கொஞ்சம் கொஞ்சமா குறையும். காத்து கம்மியான தாயரோட ஹைவேல ஓடுறது தான் இருக்கிறதுலயே மோசம், தாயர் பக்கவாட்டுல மடங்கி மடங்கி சூடேறி வெடிக்கும்.

அலைன்மெண்டும் பேலன்சிங்கும் ஒண்ணுன்னு நெனைக்கிறவங்க இன்னும் நிறைய பேரு இருக்காங்க. பேலன்சிங்னா சக்கரத்தை தனியா கழட்டி மெஷின்ல சுத்தவிட்டு எந்த இடத்துல எடை கம்மியோ அங்க சின்ன ஈயத்துண்டு மாதிரி ஒண்ணை ஒட்டுறது. அலைன்மெண்ட்னா சக்கரங்க எந்த கோணத்துல நிக்குதுன்னு பாத்து திருத்துறது, சக்கரத்தை கழட்டவே மாட்டாங்க. நடுக்கத்துக்கு பேலன்சிங், காடி ஒரு பக்கமா இழுத்தாலோ தாயர் ஒரு ஓரம் மட்டும் தேஞ்சாலோ அலைன்மெண்ட். ஆனா பாருங்க, பால் ஜாயிண்டோ டை ராடோ ஆடிக்கிட்டு இருக்கும்போது அலைன்மெண்ட் பண்றது வீண் வேலை, கடையை விட்டு வெளிய வந்து முதல் குழியிலயே கோணம் மாறிடும். நல்ல போமன், அதாவது மெக்கானிக், முதல்ல காடியை தூக்கி சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டி பாப்பாரு, அப்புறம் இடதும் வலதும் புடிச்சு ஆட்டுவாரு, அப்படி ஆட்டாமயே நேரா மெஷின்ல ஏத்துற கடையா இருந்தா நான் போகமாட்டேன்.

தாயர் தேஞ்சிருக்கிற விதமே நிறைய சொல்லும். நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி, ஒரே ஓரம்னா கோணம் சரியில்ல, மேடு பள்ளமா அங்கங்க தேஞ்சிருந்தா அப்சார்பர் போயிருக்கலாம். காத்து எவ்வளவுன்னு தாயர் கடையில கேக்காதீங்க, டிரைவர் கதவை திறந்தா ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அது தான் கணக்கு. தாயர் பூ, அதாவது மேல வரி வரியா இருக்கிற ரப்பர், அதோட ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு கீழ போனா சட்டப்படியும் அந்த தாயர் ஆகாது, பள்ளத்துக்குள்ள சின்ன மேடு ஒண்ணு வச்சிருப்பாங்க, பூ அதோட சமமா வந்துடுச்சுன்னா முடிஞ்சது. வயசும் பாருங்க, தாயர் பக்கவாட்டுல டாட் (DOT) எழுத்துக்கு கடைசியில நாலு நம்பர் இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. செகண்ட் ஹேண்ட் தாயர் வாங்குறவங்க பூவை மட்டும் தடவி பாத்துட்டு வாங்கிடுறாங்க, இந்த நாலு நம்பரை பாக்குறதே இல்ல.

இப்ப நட்டு விஷயத்துக்கு வரேன், இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. பேரிங் சத்தம் போட்டா உங்களுக்கு பெரும்பாலும் கொஞ்சம் நாள் டைம் இருக்கு. நட்டு லூசானா டைம் கிடையாது, சக்கரம் கழண்டு தனியா உருண்டு போகும். நட்டு ஏன் லூசாகுது? அதிகமா நடக்குறது சக்கரம் கழட்டி மாட்டுன அடுத்த சில நாள்ல தான். பங்சர் ஒட்டுன அவசரத்துல சரியா இறுக்காம விட்டிருக்கலாம், இல்ல ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவுல துருவோ மண்ணோ பெயிண்டோ மாட்டியிருக்கலாம், கொஞ்ச தூரம் ஓடுனதும் அது நசுங்கி இடைவெளி விழும், நட்டு தானா தளரும்.

அதுக்காக மூச்சு புடிச்சு இறுக்கணும்னும் இல்ல. காத்து துப்பாக்கி வச்சு டர்ர்ர்னு அடிச்சு இறுக்குறாங்களே, அது ஸ்டட்டை இழுத்து நீட்டி பலவீனமாக்கிடும், ஒரு நாள் ஒண்ணு உடையும், மீதி மூணு மேல பாரம் ஏறும், அப்புறம் அதுங்களும் ஒண்ணொண்ணா போகும். பெரோடுவா மைவி, ஆக்ஸியா மாதிரி சின்ன காடிக்கு 100 நியூட்டன் மீட்டர் (இறுக்குற பலத்தோட அளவு) பக்கத்துல தான் இறுக்கணும், உங்க காடிக்கு சரியான அளவு காடி புத்தகத்துல இருக்கும். டார்க் ஸ்பேனர்னு ஒண்ணு விக்குது, சொன்ன அளவு வந்ததும் க்ளிக்குனு சொல்லும். இறுக்கும்போது வரிசையா சுத்தி சுத்தி இறுக்கக்கூடாது, எதிர் எதிரா இறுக்கணும், சக்கரம் தரையில படாம தூக்கி இருக்கும்போது பாதி இறுக்கிட்டு இறக்கி வச்சு மீதி. ஸ்டட்டுல கிரீஸ் தடவக்கூடாது, கிரீஸ் இருந்தா அதே பலத்துக்கு நட்டு அளவுக்கு மீறி ஏறிடும். 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடுனதுக்கப்புறம் திரும்ப ஒரு தடவ செக் பண்ணிக்கணும், ஈப்போவுக்கு ஒரு தடவ போயிட்டு வந்தா அந்த தூரம் கணக்கு சரியா வந்துடும்.

ஸ்போர்ட் ரிம் போடுற பசங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. பெரோடுவா, புரோட்டோன் சின்ன காடிங்க பலதுக்கும் நட்டுக்கு நாலு ஓட்டை, அது 100 மில்லிமீட்டர் வட்டத்துல இருக்கும், அதனால ஒரு ரிம் இன்னொண்ணுல ஏறிடும், ஏறிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. நட்டு உக்காருற இடம் ரிம்முக்கு ரிம் வேற மாதிரி இருக்கும், ஒண்ணு சாய்வா கூம்பா இருக்கும், ஒண்ணு உருண்டையா இருக்கும், ஒண்ணு தட்டையா இருக்கும். பழைய நட்டை புது ரிம்முல போட்டு இறுக்குனா இறுகுன மாதிரி தான் தெரியும், ஆனா தொடுறது ஓரத்துல மட்டும் தான். ரிம் ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போயிருந்தா அந்த ரிம்மை தூக்கி போடுங்க, நட்டு மாத்தி சரி பண்ண முடியாது. ஓடும்போது தக் தக் தக்னு சக்கரம் சுத்துற வேகத்துக்கு சத்தம் வந்து ஸ்டியரிங்கும் தளும்புச்சுன்னா வீடு போய் பாத்துக்கலாம்னு நெனைக்காம ஓரமா நிறுத்துங்க.

செலவுக்கு வருவோம். எங்க பக்கத்து வொர்க்‌ஷாப் கணக்குல சின்ன காடிக்கு தோராயமா சொல்றேன், கடைக்கு கடை மாறும், பார்ட் ஒரிஜினலா வெளி பார்ட்டாங்கிறதுக்கும் மாறும். பேலன்சிங் ஒரு சக்கரத்துக்கு 5ல இருந்து 10 வெள்ளி (ரிங்கிட்), அலைன்மெண்ட் 30ல இருந்து 60. ஸ்டட்டு, நட்டு எல்லாம் சில வெள்ளி தான், கூலி தான் அதைவிட ஜாஸ்தி. முன் பேரிங் ஒரு பக்கம் பார்ட்டும் கூலியும் சேத்து 150ல இருந்து 300 வரைக்கும் கேப்பாங்க, கூலி ஏன் அவ்வளவுன்னா பல காடியில பேரிங்கை பிரஸ் மெஷின்ல வச்சு அழுத்தி தான் எடுக்கவும் போடவும் முடியும், சுத்தியல்ல தட்டி போடுற போமன்கிட்ட குடுத்தா புது பேரிங்கும் சீக்கிரமே பாட ஆரம்பிச்சுடும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் சென்சார் சேந்து ஹப்போட முழு செட்டா வர்ற பெரிய காடின்னா விலை பல மடங்கு. அப்சார்பர் நாலும் மாத்துனா 500ஐ தாண்டும்.

ஒண்ணு சொல்லட்டுமா, இந்த பட்டியல்ல இருக்கிற எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த சொல்ற கடையை விட்டு வெளிய வந்துடுங்க. கழட்டுன பழைய பார்ட்டை காட்ட சொல்லுங்க, கேக்குறதுக்கு கூச்சப்பட வேணாம், அது உங்க காசு குடுத்து வாங்குன பொருள்.

சரி, யார் காசு? பேரிங், தாயர், புஷ், பால் ஜாயிண்ட் இதெல்லாம் ஓடி தேயுற பொருளுங்க. லாரி போட்ட குழியில விழுந்து ரிம் நெளிஞ்சது, சாக்கு மூட்டை ஏத்தி அப்சார்பர் போனது, இதெல்லாம் நம்ம பாக்கெட் தான். வாரண்டின்னா புதுசா வாங்குனப்ப கம்பெனி குடுக்குற உறுதி, பெரோடுவா புது காடிக்கு 5 வருஷம் இல்லன்னா 150,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது. அதுக்குள்ள செய்முறை கோளாறுல பார்ட் போனா மாத்தி தருவாங்க, ஆனா தேயுற பார்ட்டுக்கு தனி கணக்கு இருக்கும், சர்விஸ் நேரத்துக்கு செஞ்சிருக்கணும். தாயருக்கு தாயர் கம்பெனி வாரண்டி தனி.

ரீகால்ங்கிறது இது ரெண்டும் கிடையாது. உங்க காடி இப்ப கெட்டிருக்கா இல்லையாங்கிறதே அதுல கேள்வி இல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்துல, ஒரு குறிப்பிட்ட வகையா செஞ்ச காடிங்க எல்லாத்துலயும் ஆபத்தான ஒரு குறை இருக்குன்னு கம்பெனி கண்டுபிடிச்சு, சத்தமே வராம நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற காடியையும் திரும்ப கூப்பிட்டு சும்மா சரி பண்ணி குடுக்குறது. வாரண்டி முடிஞ்சா என்ன, நீங்க மூணாவது கையா இருந்தா என்ன, ரீகால் காடியோட போகுது, ஆளோட போகாது. நம்ம ஊர்ல முக்கால்வாசி பேரு செகண்ட் ஹேண்ட் காடி தான் வச்சிருக்காங்க, "அது புது காடி வாங்குனவங்களுக்கு தானே"ன்னு விட்டுடுறாங்க, அது தப்பு.

சக்கரத்துக்கே ரீகால் வந்த கதை 2022ல நடந்துச்சு. டொயோட்டா புதுசா விட்ட பிஸட்4எக்ஸ் மின்சார காடி, வந்த கொஞ்ச நாள்லயே ஜூன் மாசம் உலகம் முழுக்க சுமார் 2,700 காடியை திரும்ப கூப்பிட்டாங்க. காரணம் நம்ம மேல பேசுன அதே விஷயம் தான், திடீர்னு திருப்புனாலோ பிரேக் அடிச்சாலோ சக்கரத்தை புடிக்கிற போல்ட் தளர்ந்து சக்கரமே கழண்டு வரலாம்னு. அதோட கூட்டா செஞ்ச சுபாரு சொல்டெராவுக்கும் அதே பிரச்சினை. காடியை ஓட்டவேணாம்னே சொல்லிட்டாங்க, அமெரிக்காவுல காடியை திருப்பி வாங்கிக்கிறோம்னு கூட சொன்னாங்க. அக்டோபர்ல தான் தீர்வு வந்துச்சு, வாஷர் வச்ச போல்ட்டும் வேற ரிம்மும் மாத்துனாங்க. உலகத்துலயே பெரிய காடி கம்பெனிக்கே ஒரு போல்ட் உக்காருற இடம் இவ்வளவு தலைவலி குடுத்துருக்குன்னா, ரோட்டோர கடையில தப்பான நட்டு போட்டு ஓட்டுறவங்க நிலைமையை யோசிச்சுக்குங்க.

தாயருக்கும் ரீகால் உண்டு. 2000ஆம் வருஷம் ஆகஸ்ட்ல பயர்ஸ்டோன் 65 லட்சம் தாயரை திரும்ப கூப்பிட்டாங்க, அதிகமா போர்ட் எக்ஸ்ப்ளோரர்ல இருந்தது, ஓடும்போதே மேல் பூ உரிஞ்சு வந்து காடி பல்டி அடிச்சுச்சு, நூத்துக்கணக்குல உயிர் போச்சு. வெயில் ஊர்ல, கம்மி காத்துல, பாரம் ஏத்தி வேகமா ஓட்டுனப்ப தான் அதிகம் நடந்துச்சு, அது அப்படியே நம்ம ஊர் நிலைமை இல்லையா.

சக்கரத்துக்கு சம்பந்தம் இல்லன்னாலும் தக்காட்டா கம்பெனி செஞ்ச ஏர்பேக்கை சொல்லாம விட முடியாது. அதுல இருக்கிற வெடிமருந்து சூட்டுலயும் ஈரக்காத்துலயும் வருஷக்கணக்கா இருந்து கெட்டு போய், சின்ன மோதல்ல கூட அதோட உறை இரும்பு துண்டா வெடிச்சு சிதறலாம். சூடும் ஈரமும் நம்ம நாட்டுல பஞ்சமா? 2014ல சரவாக் சிபுவுல பழைய ஹோண்டா சிட்டி ஓட்டுன ஒரு கர்ப்பிணி பொண்ணு அதால தான் இறந்து போனாங்க. மாத்துறதுக்கு ஒரு காசு செலவில்ல, இருந்தும் இன்னும் மாத்தாத பழைய காடிங்க ரோட்டுல ஓடுது.

ஏன் மாத்தல? கடுதாசி போய் சேரல, அது தான். ரீகால் கடுதாசி கம்பெனி கணக்குல இருக்கிற விலாசத்துக்கு போகும். முதல் ஓனர் தோட்டத்து லயத்து வீட்டு விலாசத்தை குடுத்திருப்பாரு, கடுதாசி தோட்டத்து ஆபீசுக்கு போகும், அந்த தோட்டம் இப்ப கை மாறியிருக்கும், ஆளு டவுன்ல தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு குடி போயிருப்பாரு, காடி அவருகிட்ட இருந்து இன்னொருத்தருக்கு, அப்புறம் உங்களுக்கு. கடுதாசிக்கு காத்திருந்தா அது வராது.

அதனால நீங்களே பாக்கணும். காடி கிராண்டுல, அதாவது பதிவு பத்திரத்துல, சேசிஸ் நம்பர்னு இருக்கும், 17 எழுத்தும் நம்பரும் கலந்தது, பிஎம்2ன்னு ஆரம்பிச்சா பெரோடுவா, பிஎல்1னா புரோட்டோன். பல காடியில முன் கண்ணாடிக்கு கீழயோ கதவு ஓரத்துலயோ கூட அடிச்சிருப்பாங்க. அந்த நம்பரை ஹோண்டா மலேசியா மாதிரி கம்பெனிங்க வச்சிருக்கிற ரீகால் பக்கத்துல போட்டா உடனே தெரிஞ்சிடும், இல்லன்னா சர்விஸ் சென்டருக்கு போன் பண்ணி நம்பரை படிச்சு காட்டுங்க, ஈப்போவுல பல கம்பெனிக்கும் சென்டர் இருக்கு. மாடல் பேரை மட்டும் சொல்லி கேட்டா பிரயோஜனம் இல்ல, ஒரே மாடல்ல ஒரு மாசம் செஞ்சது மட்டும் மாட்டியிருக்கும், அடுத்த மாசம் செஞ்சது தப்பிச்சிருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கப்போறீங்கன்னா காசு குடுக்குறதுக்கு முன்னாடியே இதை பாத்துடுங்க.

காடி புதுசு, வாரண்டி இருக்கு, பேரிங் மறுபடி மறுபடி போகுது, கம்பெனி "அது தேயுற பார்ட்"னு கைவிரிக்குதுன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம்னு ஒண்ணு இருக்கு, மலாய்ல தெதேபேஎம்னு சொல்லுவாங்க. 1999 பயனீட்டாளர் பாதுகாப்பு சட்டத்துல வந்தது, 50,000 வெள்ளி வரைக்கும் வழக்கு போடலாம், கட்டணம் 5 வெள்ளி தான், லாயர் வைக்க தேவையில்ல, பிரச்சினை வந்த 3 வருஷத்துக்குள்ள போடணும். மாத்துன ஒவ்வொரு பில்லும், தேதியும், மைலேஜும் கையில இருந்தா தான் அங்க பேச முடியும், "போமன் வாயால சொன்னாரு"ங்கிறது நிக்காது.

பில்லுல வெறும் "ரிப்பேர் 280"ன்னு எழுதி குடுக்குறதை வாங்கிட்டு வராதீங்க. எந்த பார்ட், எந்த பக்கம், காடி நம்பர், கிலோமீட்டர் எல்லாம் எழுத சொல்லுங்க. இன்னிக்கு நீங்க உங்க காசுல மாத்துன அதே பார்ட்டுக்கு அடுத்த வருஷம் ரீகால் வரலாம், அப்படி வரும்போது பில்லு காட்டுனா காசை திருப்பி குடுக்குற கம்பெனிங்களும் இருக்கு, கேட்டு பாக்குறதுல நஷ்டம் இல்ல.